டைகருக்கு இருமல்

செபாஸ்தியம்மாள் ஈரத்துண்டால் நாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் முதுகு, அப்புறம் காது, கடைசியில் கால்கள். நாயின் பெயர் டைகர். பூனையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆனாலும் பெயர் டைகர்தான்.

"போன் வர்ற நேரமாச்சு. எந்திரிச்சுப் பின்னாடி போங்க."

அவள் புருஷன் கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பிரியாணிக் கடையில் கறி வெட்டுகிறவன். எலும்போடு தொடைக்கறியை ஒரே வெட்டில் துண்டாக்குகிற ஆளுக்கு இப்போது கைலியை இறுக்கிக் கட்டவே மூச்சு வாங்கியது. கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தது. அவனுக்குக் காய்ச்சல் கண்டது பக்கத்து வீட்டுக் காதர் பீவிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். தகரம் அடித்த வீட்டுக்காரியை யார் பாத்திரம் தேய்க்கக் கூப்பிடுவார்கள்?

"நாயி நடுவீட்டுல உக்காந்து போன் பேசுது. நா கக்கூஸு பக்கத்துல நிக்கணும். நம்ம குடும்பத்துல என் ரேங்கு அம்புட்டுத்தான்" என்றான். சிரிக்கப் பார்த்தான். இருமலாக வந்தது.

அவள் வேலை பார்த்த வீட்டு ஏஞ்சலின் டீச்சர், மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நாளைக்கு என்று நாயை இவளிடம் விட்டுப் போயிருந்தார். தினமும் மத்தியானம் வீடியோவில் அதைப் பார்ப்பார். டைகருக்கென்று அவர் சொல்லிவைத்த கடையிலிருந்து கோழி வரும். அதை உப்பில்லாமல் வேகவைத்து நாய்க்குப் போடுவாள். வெந்த தண்ணீரில் உப்பும் மிளகும் தட்டிப் போட்டுக் கஸ்பாருக்கு. டைகர் தன் பங்கில் ஒரு துண்டைக் கவ்விவந்து அவன் பாயில் வைத்துவிட்டு வாலாட்டும்.

"தின்னுடா நீயி. டீச்சருக்குத் தெரிஞ்சா என்னையத்தான் கட்டிப் போடுவாக" என்பான்.

போன் வந்தது.

"டைகர் கண்ணா, மம்மி பாரு! ஏன் செபாஸ்தி, இளைச்ச மாதிரி இருக்கானே?"

"துடைச்சதுல முடி ஒட்டியிருக்கு டீச்சரம்மா."

அப்போது பின்பக்கமிருந்து இருமல் கேட்டது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமியதால் அது குரைப்பைப் போலவும் இருந்தது. செபாஸ்தியம்மாள் சட்டென்று போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"யாரு இருமுறது?"

"டைகருதான் டீச்சரம்மா. நேத்துலருந்து லேசா இருமுறான்."

"ஐயோ! லேசாவா? நெஞ்சுல சளி கட்டியிருக்கும். நீ போனை வை."

சாயங்காலம் கஸ்பாரின் உதடு கறுத்துவிட்டது. காதர் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் வாசலில் நின்றே சத்தம் போட்டாள்.

"ஏம்மா செபாஸ்தி, இன்னும் மறைச்சா ஆளு தங்க மாட்டாரு. ஆம்புலன்சுக்கு அடி."

அடித்தாள். வண்டியெல்லாம் வெளியே போயிருக்கிறது, வரிசைப்படி வரும் என்றார்கள். ஆட்டோவும் ஓடவில்லை. கஸ்பார் கோயிலுக்குப் போடுகிற சட்டையை மாட்டி, தலை சீவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். டைகர் அவன் காலடியில் படுத்துக்கொண்டது.

செத்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது.

"வந்துருச்சா?" என்று எழப் பார்த்தான்.

இறங்கியது டீச்சரின் டிரைவர் ஸ்டான்லி. முன்கண்ணாடியில் 'மருத்துவ அவசரம்' என்று பெரிய எழுத்தில் தாள் ஒட்டியிருந்தது. பின்சீட்டில் பூத்துண்டு விரித்திருந்தது.

"மதுரையில நாய் டாக்டர்கிட்டச் சொல்லி வச்சுட்டாங்கக்கா. போன்லயே பர்மிசனும் வாங்கிட்டாங்க. டைகரு எங்க?"

"தம்பி, அவனுக்கு ஒண்ணுமில்ல. இவரைப் பெரியாஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போப்பா. மூச்சு விட முடியல."

ஸ்டான்லி கஸ்பாரைப் பார்த்தான். மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். "நானா எப்படிக்கா..." என்றபடி டீச்சருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினான்.

"டீச்சரம்மா, மத்தியானம் இருமுனது டைகரு இல்ல. எங்க வீட்டுக்காரரு. பொய் சொல்லிட்டேன்."



"அந்த வீட்டுலயா என் பிள்ளையை வச்சிருந்த?" டீச்சர் கத்தினார். "ஸ்டான்லி, டைகரை ஏத்து. வேற யாரையும் ஏத்தாத. செபாஸ்தி, உன்கிட்ட இருக்குற எங்க வீட்டுச் சாவியைத் தம்பிகிட்டக் குடுத்துரு. நான் ஜெபம் பண்றேன்."

ஸ்டான்லி கதவைத் திறந்து வைத்து எட்ட நின்று விசிலடித்தான். டைகர் கஸ்பாரின் காலை விட்டு நகரவில்லை. கிட்டே போக ஸ்டான்லிக்குப் பயம். ஸ்பீக்கரில் டீச்சர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"வாடா அப்பு" என்று கஸ்பாரே எழுந்தான். சுவரைப் பிடித்து, நின்று, மறுபடி நடந்தான். நாய் கூடவே போனது. அவன் சீட்டைத் தட்டிக் காட்டியதும் ஏறிக்கொண்டது. உள்ளிருந்து ஏசிக் காற்று முகத்தில் பட்டது. அவன் வாயைத் திறந்து அதை இழுத்தான்.

"அண்ணே, கதவைத் தொட்றாதீங்க."

கஸ்பார் விலகி நின்றான்.

தெருமுனைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் முன்கண்ணாடித் தாளைப் பார்த்தார். உடனே ஓடிவந்து, தடுப்பை இரு கையாலும் இழுத்து வழிவிட்டார்.