குந்துகிறவர் மேல் ஒரு பிராது

தியாகதுருகம் வீரமணியின் வலது முட்டியில் கிழிந்த ஜவ்வைத் தைத்து மூன்று வருடம் ஆகிறது. கல்வராயன் மலையில் பலா ஏற்றும்போது, பழத்தோடு வேனிலிருந்து குதித்தார். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. காலை நீட்டித் தூக்கும் பயிற்சியை விடக் கூடாது. வீரமணி மூன்று மாதம் தூக்கினார். வலி போனது. பயிற்சியும் போனது.

இந்த மாசியில் முட்டி வீங்கியது. "தையல் விட்டா ஜவ்வை வெட்டித்தான் எடுக்கணும். அப்புறம் எலும்போட எலும்பு தேயும்," என்றார் டாக்டர். ஊர் திரும்பிய அன்றே வீரமணி டீக்கடை வாசலில் குத்துக்காலிட்டுச் சீட்டாடினார்.

மனைவி நிர்மலா கத்தவில்லை. விருத்தாசலம் பஸ் ஏறினாள்.

அந்தப் பக்கத்து முருகன் கோயிலில் பிராது கட்டுவார்கள். குறையைத் தாளில் எழுதி வேலில் கட்டினால் தொண்ணூறு நாளில் சாமி விசாரிக்கும். தீர்ந்ததும் வந்து வாபஸ் வாங்க வேண்டும். ஆடு திருடியவனே நடுங்குவான்.

"யார் மேலம்மா?" என்றார் எழுதிக்கொடுப்பவர்.

"வூட்டுக்காரர் மேல."

"குடியா?"

"குந்துறாரு."

பேனா நின்றது. "எங்க?"

"எங்க வேணா."

அவளுக்கு முன்பே செய்தி ஊர் வந்துவிட்டது.

"சாமிகிட்டயே போட்டுக் குடுத்துட்டியேடி! கால் வெளங்காம பூட்டா இன்னா பண்ணுவ?" என்றார் வீரமணி.

"வெளங்கத்தான் போட்டேன். தூக்குங்க."

தூக்கினார். காலையில் முப்பது, மாலையில் முப்பது. டீக்கடைக்கு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோனார்.

"கலெக்டர் வராரு, எழுந்து நில்லுங்கடா," என்றான் கூட்டாளி இளவரசன்.

ஒருநாள் நாற்காலியைப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். சாமிக்குப் பயந்து வீரமணி நின்றபடியே ஆடினார். நின்றால் எல்லார் சீட்டும் தெரிந்தது. மூன்று ஆட்டம் ஜெயித்தார். நான்காவது ஆட்டத்துக்கு முன் இளவரசனே மரமேறி நாற்காலியை இறக்கினான்.

தொண்ணூறாம் நாள் வீக்கம் இல்லை. எடையும் ஐந்து கிலோ கம்மி. இருவரும் வாபஸ் வாங்கப் போனார்கள்.

"கையெழுத்துப் போட்டா கேஸ் முடிஞ்சுதும்மா," என்றார் எழுதிக்கொடுப்பவர்.

வீரமணிக்கு வாயெல்லாம் சிரிப்பு. "நீ போட்டுக்கினு இரு. நான் தேங்கா ஒடச்சிட்டு வரேன்."

உடைத்தார். சில்லு சிதறியது. பொறுக்குவதற்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுகமாக இருந்திருக்க வேண்டும். அங்கேயே ஒரு சில்லைக் கடிக்கவும் ஆரம்பித்தார்.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்த நிர்மலா அதைப் பார்த்துப் பேனாவை மூடினாள்.

"இன்னாம்மா?"

"வேற தாள் ஒண்ணு குடுங்க."

எழுதிக்கொடுப்பவர் வெளியே எட்டிப் பார்த்தார். "அதே ஆளா?"

"அதே ஆளுதான். சாட்சி நீங்க."