மணிச்சத்தத்துக்கு நடுவே ஒரு கூட்டம்

எங்கள் கல்யாணம் கோவில் பீடத்துக்கு முன்னால் நடக்கவில்லை. பாதிரியார் அங்கி மாற்றும் அறையில், பூவும் பாட்டும் இல்லாமல், அவசர அவசரமாக முடிந்தது. மாப்பிள்ளை இடதுசாரிக் கட்சிக்காரன். அந்தக் காலத்து மால்டாவில் அதற்குத் திருச்சபை கொடுத்த தண்டனை அதுதான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு லேசில் அடங்கவில்லை.

என் புருஷன் வெஞ்சு இரண்டு தேர்தலில் தோற்றிருந்தான். மூன்றாவதிலும் தோற்றால் வேறு ஆளை நிறுத்துவோம் என்று கட்சி சொல்லிவிட்டது. கடைசிக் கூட்டம் கோவிலுக்கு எதிரிலேயே. அவன் "தோழர்களே" என்று வாயைத் திறந்ததும் கோபுரத்து மணிகள் எல்லாம் ஒன்றாக அலற ஆரம்பித்தன. பாதிரியார் பிடீலு எங்கள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் செய்கிற உபசாரம் அது. கோவில் படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் மேடையில் ஏறி வெஞ்சுவின் காதில் கத்தினேன்.

"இறங்கிடாத! இறங்கினா வீட்டுப் பக்கமே வராத!"

அவன் ஒலிவாங்கியைக் கீழே வைத்தான். கூட்டத்தில் முக்கால்வாசி கப்பல் பட்டறை ஆட்கள். கப்பலின் வயிற்றுக்குள் இரும்படிக்கும் இரைச்சலில் உதட்டாலும் கையாலும் பேசியே பழகியவர்கள். வெஞ்சுவும் அந்தப் பட்டறை ஆள்தான்; எங்கள் வீட்டுச் சண்டையே பாதி உதட்டசைவிலும் கைஜாடையிலும்தான் நடக்கும். வெஞ்சு அப்படியே பேசினான். கூலி, ஆட்குறைப்பு, ஒழுகும் வீடுகள். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. பாதிரியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைத்தான் கேலி செய்கிறான் என்று நினைத்து, மணியை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"என்னடா சொல்றான் அவன்?" என்று படியில் நின்றபடியே கூட்டத்து ஆள் ஒருவனிடம் கத்தினார்.

"இனிமே காதாலயே கேளுங்க சாமி," என்றேன் மேடையிலிருந்து.

வெஞ்சு ஒலிவாங்கியை எடுத்தான். அந்தத் தேர்தலில் ஜெயித்தான். பிறகு மந்திரியும் ஆனான்.

வருஷங்கள் கழித்துப் பெரிய மணி விரிசல் விட்டது. அரசாங்க உதவி கேட்டு பிடீலு எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வெஞ்சு அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தான்.

"மந்திரி என்னம்மா சொல்றாரு?"

'பாவம், வயசானவரு, செஞ்சு குடுத்துடலாம்' என்றுதான் வெஞ்சு சொன்னான். நான் சொன்னது வேறு.

"முதல்ல பீடத்துக்கு முன்னாடி, பூவோட, பாட்டோட எங்களுக்கு ஒரு கல்யாணம் செஞ்சு வைங்க. மணிய அப்புறம் பாக்கலாங்கறாரு, சாமி."