விலை நிலவரம் வாசித்த பெண்

பாண்டிச்செல்வி டிவியில் வருகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது அவளுடைய அம்மா ஆவுடையம்மாள். கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு சுக்குக் கிடங்கில் அவளுக்கு வேலை. அன்று வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மலையாளச் செய்திக்காக டிவியைப் போட்டவள், ரிமோட்டில் எதையோ மாற்றி அழுத்திவிட்டாள். "பீன்ஸ் கிலோ பதினெட்டு ரூபாய். கேரட் கிலோ பதினான்கு ரூபாய்" என்று ஒரு குரல் வந்தது. முந்தானையைச் சொருகிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, கோயம்பேடு சந்தை விலையை வாசித்துக்கொண்டிருந்தது அவள் மகள்.

செல்வி வீட்டை விட்டுப் போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கும் அவளுடைய அத்தை மாடத்தியின் மகன் இசக்கிமுத்துவுக்கும் நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. வேண்டாம் என்று அப்பாவிடம் அவள் சொல்லிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். பிறகு ஒரு நாள் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாள். மாடத்தி வந்து வாசலில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டுப் போனாள். அதோடு அண்ணன் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டாள். ஒரே நேரத்தில் மகளையும் தங்கச்சியையும் இழந்த செல்லப்பா, "இனி இந்த வீட்டுல அவ பேச்சு வரக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அவர் கார்ப்பரேஷன் குப்பை லாரி டிரைவர். அதிகம் பேசாத மனிதர். சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் காலை, செல்லப்பா சாயா குடிக்கும் நேரம் பார்த்து, ஆவுடையம்மாள் அந்தச் சானலைப் போட்டாள். அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். தக்காளி விலை வந்தது, முருங்கைக்காய் விலை வந்தது. எட்டிப் பார்த்தபோது செல்லப்பா கிளாஸைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். சாயாவில் ஆடை படிந்திருந்தது.

வாசித்து முடிந்ததும் எழுந்து சட்டையை மாட்டினார்.

"பெரிய வெங்காயம் ஏறிருக்கு" என்றார்.

"ஆமா" என்றாள் ஆவுடையம்மாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தினமும் காலையில் விலை நிலவரம் ஓடியது. வாசிக்கிறவளைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கத்தரிக்காயைப் பற்றிப் பேசினார்கள். மழையில் கொத்தமல்லி விலை ஏறியதைப் பற்றிப் பேசினார்கள். கொச்சியில் இருந்துகொண்டு கோயம்பேட்டு விலை எதற்கு என்று பக்கத்து வீட்டு ஷைலஜா ஒரு தடவை கேட்டாள். "லோடு அங்கேருந்துதானே இங்க வருது" என்றார் செல்லப்பா. ஷைலஜா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒரு வருஷம் இப்படிப் போனது. மழைக்காலம் முடிந்த சமயத்தில் படத்தில் புள்ளி விழ ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு, செல்வியின் முகத்தில் மணலை வாரி இறைத்தது போல. மற்ற சானல்களெல்லாம் தெளிவாக இருந்தன. இது மட்டும் காலையில் மோசமாகவும் மத்தியானத்துக்கு மேல் பரவாயில்லாமலும் இருந்தது. செல்லப்பா கேபிள்காரன் ரதீஷைத் தேடிப் போனார்.

ரதீஷின் வீட்டு மாடியில் மூன்று டிஷ்கள் இருந்தன. கீழே ஒரு சின்ன அறையில் அவனுடைய பெட்டிகளும் ஒரு பழைய டிவியும்.

"அண்ணா, அது என் லைனோட கம்ப்ளெயின்ட் இல்ல" என்றான் ரதீஷ். அவனுக்குத் தமிழ் ஓரளவு வரும். "மேல நிக்கிற சாட்டலைட்டுக்கு வயசாயிப் போச்சு. ஒரே எடத்துல நிக்கணும்னா அதுக்கு எண்ணெ வேணும். வண்டிக்கு டீசல் மாதிரி. அது தீரப் போவுது. அதனால மேலயும் கீழயும் ஆடுது. நம்ம டிஷ் ஒரே எடத்தை நோக்கிட்டிருக்கு. அது எதிர்ல வரும்போ படம் நல்லாருக்கும், மாறிப் போனா புள்ளி."

"டிஷ்ஷைத் திருப்பினா?"

"திருப்பலாம். தெனம் திருப்பணும். காலத்தே ஆரு அண்ணா மாடி ஏறுவா? அந்தச் சானல் பத்தி வேற ஆரும் ஒண்ணும் சொல்லலையே."

"நான் ஏறுதேன்" என்றார் செல்லப்பா.

அடுத்த நாள் முதல் அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்து ரதீஷ் வீட்டுக்குப் போனார். மாடியில் நின்று இரும்புக் கம்பியைத் தள்ளுவார். கீழே டிவி முன்னால் உட்கார்ந்து ரதீஷ் கத்துவான்: "கொஞ்சம் கூடி! கொஞ்சம் கூடி! ஐயோ, கூடிப் போச்சு, பின்னோட்டு!" படம் தெளிந்ததும் போல்ட்டை முறுக்கிவிட்டு, செல்லப்பா வேகுவேகென்று வீட்டுக்கு நடப்பார். வியர்வை வழிய நாற்காலியில் உட்காரும்போது செல்வி வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பாள். லாரி ஓட்டும் கைக்குக் கம்பி தள்ளுவது பெரிய விஷயமில்லை. ஆனால் அவருக்கு முட்டிவலி உண்டு. இருட்டோடு ஏணி ஏற வேண்டுமா என்று ஆவுடையம்மாள் கேட்க நினைத்தாள். கேட்டால் எதற்கு ஏறுகிறார் என்பதையும் பேச வேண்டியிருக்கும். முட்டிக்குத் தைலம் தடவிவிட்டாள்.

அந்த மாசக் கடைசியில் படத்துக்குக் கீழே ஓர் அறிவிப்பு ஓடத் தொடங்கியது. சானல் வேறு சாட்டலைட்டுக்கு மாறுகிறது, பழையதிலிருந்து இத்தனாம் தேதியோடு நின்றுவிடும் என்று. செல்லப்பா ரதீஷிடம் கேட்டார்.

"புதுசுக்கு வேற டிஷ் வேணும், டிஜிட்டல் பெட்டி வேணும்" என்றான் ரதீஷ். "இந்த ஏரியால தமிழ் வீடு எத்தனை இருக்கும்? அவுங்களுக்கும் பெரிய சானலெல்லாம் வருதே. இது ஒண்ணுக்காக நான் காசு எறக்கினா போட்ட முதல் திரும்பி வராது அண்ணா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

"சரி" என்றார் செல்லப்பா. கெஞ்சவில்லை. கம்பியைத் தள்ள மட்டும் தவறாமல் போனார்.

கடைசி நாளன்று ஆவுடையம்மாள் முன்னதாகவே சமையலை முடித்துவிட்டு, முன்னறையில் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் அடுக்களை வாசலில் நின்றுதான் பார்ப்பது வழக்கம். படம் அன்று என்னவோ பளிச்சென்று இருந்தது. இசை முடிந்தது. "வணக்கம்" என்றது ஒரு குரல்.

வேறு பெண். கண்ணாடி போட்டவள். பீன்ஸ் விலையில் தொடங்கினாள்.

இருவரும் காத்திருந்தார்கள், ஏதோ பாதியில் ஆள் மாறும் என்பது போல. மாறவில்லை. கண்ணாடிப் பெண் வாழைத்தார் வரைக்கும் வாசித்துவிட்டு நன்றி சொன்னாள். முந்தின நாள் பார்த்ததுதான் கடைசி என்பது ஆவுடையம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் பால் பொங்கிவிடுமென்று நடுவில் எழுந்து போயிருந்தாள்.

செல்லப்பா எழுந்து நின்றார். "ஏன் வரலை?" என்றார்.

ஆவுடையம்மாள் அவரைப் பார்த்தாள்.

"அவ ஒரு நாளும் வராம இருந்ததில்லையே. நேத்தே தொண்டை கரகரன்னுதான் இருந்துச்சு. சுகமில்லையோ என்னமோ. ஆரு பாப்பா அங்க?"

மூன்று வருஷமாக அவர் வாயிலிருந்து வராத பேச்சு. ஆவுடையம்மாளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்று தெரியும்.

"மஞ்சுஷாட்ட நம்பர் இருக்கும்" என்றாள்.

மஞ்சுஷா செல்வியோடு படித்தவள். தெருமுனை எஸ்டிடி பூத்தில் வேலை பார்த்தாள். அவளும் செல்வியும் போனில் பேசிக்கொள்வது செல்லப்பாவுக்குத் தெரியும். அதனாலேயே அந்த பூத்தைத் தாண்டும்போது ரோட்டின் மறுபக்கமாக நடப்பார். அன்று நேராக உள்ளே போனார். மஞ்சுஷா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி விளக்குப் பொருத்திக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டாள்.

"செல்வி நம்பர் போடு மோளே" என்றார்.

ஹாஸ்டலில் யாரோ எடுத்தார்கள். கூப்பிட்டுக்கொண்டு வருகிறோம், கொஞ்சம் கழித்துப் போடுங்கள் என்றார்கள். செல்லப்பா வெளியே போய் நின்றார். டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ரோட்டைப் பார்த்தபடி நின்றார், திரும்பவே இல்லை. மறுபடி போட்டபோது ஆவுடையம்மாள் ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"செல்வி, அம்மா பேசுதேன்."

"அம்மா? என்னம்மா? அப்பாவுக்கு எதாவது..."

"இங்க ஒண்ணுமில்ல. உனக்கு என்ன? இன்னைக்கு ஏன் வரலை?"

"எங்க?"

"டிவியில."

லைன் அறுந்துவிட்டதோ என்று ஆவுடையம்மாள் மஞ்சுஷாவைப் பார்த்தாள்.

"அது அங்க தெரியுமா?" என்றாள் செல்வி. குரல் உண்மையிலேயே கட்டியிருந்தது. "மஞ்சு வீட்டுல வரலைன்னு சொன்னாளே."

மஞ்சுஷா வீடு தோப்பும்படியில். அங்கே வேறு கேபிள்காரர்.

"நம்ம வீட்டுல தெரியும். தெனமும் பாக்கோம். ஒரு வருஷமா."

"பாக்கோம்னா? அப்பாவுமா?"

பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து ரிசீவரை வாங்கியது.

"தொண்டைக்கு என்ன?" என்றார் செல்லப்பா.

செல்வி அழுகிறாள் என்பது பக்கத்தில் நின்ற ஆவுடையம்மாளுக்கே கேட்டது. செல்லப்பா அவள் முடிக்கும் வரை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஜலதோஷம்தான்பா. சத்தம் வரலை, அதான் வேற ஆளைப் போட்டாங்க."

"சுக்குக் காப்பி போட்டுக் குடி. பின்னே, நீ ரொம்ப வேகமா வாசிக்கே. சேப்பங்கிழங்கு சொல்லி முடிக்குமுன்ன சேனைக்குப் போயிருதே. யாவாரிக எழுதி எடுக்க வேண்டாமா?"

"பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளம்தானேப்பா. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிச்சா நேரமாகுதுன்னு மலையாளத்துல எழுதி வச்சுக்குவேன்பா. அது வேகமா வந்துருது."

"மலையாளத்துலயா?"

"ஆபீஸ்ல ஆருக்கும் தெரியாது."

செல்லப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"லீவு எப்போ?"

"பொங்கலுக்குக் கிடைக்கும்."

"வா" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை மனைவியிடம் கொடுத்துவிட்டு லாரி எடுக்கப் போனார்.

அன்று மத்தியானம் சானல் நின்றுபோனது. அந்த இடத்தில் ரதீஷ் பழைய மலையாளப் பாட்டு சிடியைப் போட்டுவிட்டான். யாரும் அவனிடம் புகார் சொல்லவில்லை.

செல்வி பொங்கலுக்கு வந்தாள். எர்ணாகுளம் ஸ்டேஷனுக்குச் செல்லப்பா போயிருந்தார். மட்டாஞ்சேரிக்குப் படகில் வரும்போது பெட்டியைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு, "இசக்கிமுத்துக்குப் பொம்பளப் பிள்ளை பெறந்திருக்கு" என்றார்.

"மஞ்சு சொன்னா."

"அத்தை வீட்டுக்கு ஒரு எட்டு போகணும்."

"நீங்களும் வருவீங்கள்ல?"

"நானும்தான். ரெண்டு பேரையும் திட்டட்டும்."

மாடத்தி திட்டவில்லை. பேசவும் இல்லை. சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து செல்வியின் மடியில் போட்டாள். இசக்கிமுத்துதான் பேசினான், தன் லாரியைப் பற்றி. கிளம்பும்போது வாசல் வரை வந்த மாடத்தி அண்ணனைப் பார்த்து, "முட்டிக்கு என்ன, நொண்டுதே?" என்று கேட்டாள். அவள் மறுபடி வீட்டுப் படி ஏற இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் ஏறினாள்.

ரதீஷ் சொன்னபடியே அடுத்த வருஷம் புது டிஷ் வைத்தான். அந்தச் சானல் புள்ளியில்லாமல் கண்ணாடி போல வந்தது. ஆனால் அதற்குள் செல்வி அங்கிருந்து விலகி, விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்திருந்தாள். சம்பளம் கூடுதல். முகம் தெரியாது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சுஷாவின் பூத்துக்குப் போய்ப் பேசுவார்கள். அந்த வாரம் கேட்ட விளம்பரங்களையெல்லாம் செல்லப்பா மனதில் வைத்திருந்து வரிசையாகக் கேட்பார். "அந்தச் சோப்பு விளம்பரம், அது நீதானே?"

"இல்லப்பா."

"பல்பொடி?"

"அதும் வேற ஆளு."

"பின்னே எதுதாம்ட்டி நீ?"

செல்வி சொல்வாள். அவர் கேட்டே இராத ஏதாவது ஒன்றாக இருக்கும். அடுத்த வாரம் முழுக்க அதற்காக டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்.