எர்சிலியாவின் சாவிக்கொத்து

வாருங்கள், நாகரிக உடையில் நடக்கும் ஒரு களவைக் காண வாருங்கள்! மேதா நகரில், முந்திய நாள் மாலை கண்மூடிய மனைவி எர்சிலியாவின் கட்டிலருகே, கறுப்புக் கரையிட்ட அஞ்சலிச் சுவரொட்டியின் நகலை ஒரெஸ்தே வாசித்துக்கொண்டிருந்தார். விளக்கு நிறுவனத்தின் மேலாளர் கால்பியாத்தி கொண்டுவந்தது அது: “எர்சிலியா. எங்கள் விசுவாசமான ஊழியர்.”

“விசுவாசமா? அவ என்ன நாயா?”

“கோச்சுக்காதீங்க ஒரெஸ்தே. எல்லாருக்கும் இதே வாசகம்தான். எங்க அப்பாவுக்கும் இதான் போட்டோம்.”

“உங்க அப்பா எந்த விளக்க நிக்க வெச்சாரு?”

தலைமாட்டில் நின்றது அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற விளக்கின் முதல் மாதிரி. 1971இல் வடிவமைப்பாளர் வரைந்த அதன் நீண்ட கை, நிற்காமல் தலைகுப்புறச் சாய்ந்தது. பொறியாளர்கள் மூன்று வாரம் கணக்குப் போட்டார்கள். அங்கே கம்பி இணைக்கும் வேலையில் இருந்த எர்சிலியா, பகலுணவுக்குப் போகிற போக்கில், தம் சாவிக்கொத்தைப் பின்முனையில் மாட்டினார். கை நின்றது. அந்த எடையே பித்தளைக் குண்டாகி உலகெங்கும் விலைபோனது; இந்த முதல் மாதிரியில் மட்டும் இன்றும் சாவிக்கொத்தே தொங்கியது. அருங்காட்சியகத்தில் அதன் பெயர்ச்சீட்டில் வடிவமைப்பாளர் பெயர் மட்டுமே இருக்கிறது.

எர்சிலியா அதற்காக அழுதவரல்லர். அந்த ஒளியில் தினமும் சீட்டாடினார். கணவரை ஏமாற்றி வென்றார். கடைசி ஆட்டத்தையும் வென்றுவிட்டே கண்மூடினார்.

“அவங்க ஒருநாளும் கேக்கலையே,” என்றார் கால்பியாத்தி.

“கேக்கல. சந்தோஷமாத்தான் இருந்தா. அதனால நீங்க எடுத்தது உங்களுதாயிடுமா?”

எர்சிலியாவின் தங்கை நோர்மா எட்டிப்பார்த்தாள். “அத்தான், துக்கம் கேக்க ஆளுங்க வந்துட்டாங்க. அவங்களுக்கு ஒயின் எடுக்கணும்.”

“எடுத்துக்கோ. சாவி வழக்கம்போல விளக்குலதான்.”

நிலவறைச் சாவி அந்தக் கொத்தில்தான் இருந்தது. நோர்மா கொத்தைக் கழற்றியதும் விளக்கு மெல்லக் குனிந்தது. எர்சிலியாவின் கோத்த விரல்களை நோக்கி இறங்கியது. கால்பியாத்தி பதறி அதைத் தாங்கினார், விட்டார், அது மீண்டும் குனிந்தது. மீண்டும் தாங்கினார்.

“பிடிச்சிட்டே இருங்க,” என்றார் ஒரெஸ்தே. “ஒயின் வர்ற வரைக்கும்.”

கால்பியாத்தி வலக்கையால் பேனாவை எடுத்தார். ஒரெஸ்தே காகிதத்தை விரித்துப் பிடித்தார். விசுவாசத்தை அடித்துவிட்டு, இடக்கையில் விளக்கோடு, மேலாளர் எழுதினார்: “எங்கள் விளக்கை நிற்கவைத்தவர்.”

கீழே நிலவறைக் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

படித்தவரே, உம் மேசையிலும் ஒரு விளக்கு எரிகிறது. அதை நிற்கவைத்த கை யாருடையது என்று விற்றவனிடம் இன்றே கேளும். பெயர் வரும்வரை கேளும்!