சேற்றில் இறங்கிய பறவைகள்

மைக் செட்காரர் காலையில் செய்யும் முதல் வேலை, வாசலில் உள்ள அழைப்பு மணியின் இணைப்பைப் பிடுங்கிவிடுவது. அவர் மனைவி பெரிய மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ். விடிந்த பிறகு வந்து இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தாள் என்றால், அவள் எழுந்திருக்கும்வரை அந்த வீட்டில் கரண்டிகூடப் பாத்திரத்தில் உரசாது.

"ஊருக்கெல்லாம் சத்தம், வீட்டுக்குள்ள சைகைதானா?" என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

"நின்ன கால்ல நின்னு வேலை பாத்துட்டு வர்றா. அவ தூக்கத்துல கை வெச்சா நான் மனுஷனா?" என்பார் இவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்படிப்பட்டவரைத் தேடித்தான் ஒரு கட்டுமானக் கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார்.

"கடலோரச் சேத்துல மண்ணடிச்சு வீடு கட்டப் போறோம்ணே. பறவை வர்ற இடம்னு யாரோ மனு போட்டுட்டாங்க. அடுத்த வாரம் அதிகாரி பாக்க வர்றாங்க. அன்னிக்கு அங்க ஒரு பறவைகூட இருக்கக் கூடாது. ஸ்பீக்கரக் கட்டி அலற விடுங்க."

"பாவம், அதுங்க எங்க போகும்?"

"எங்கயாவது போகும். அந்தக் கவலை நமக்கெதுக்கு?"

தொழில் படுத்துக் கிடந்த நேரம். மைக் செட்காரர் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் சரக்கு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு போனார். கடல் உள்வாங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஈரச் சேறு. அதில் உள்ளங்கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறப் பறவைகள், குச்சிக் கால்களால் ஓடி ஓடிப் புழு கொத்திக்கொண்டிருந்தன. சைரன் ஒலியைப் போட்டார். அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பிக் கடல்பக்கம் சுற்றி, சேற்றின் மறுகோடியில் போய் இறங்கின. ஆட்டோவை அங்கே ஓட்டினார். மீண்டும் எழும்பின. முதல் நாள் அவருக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

அந்தப் பறவைகள் உலகத்தின் வடகோடியிலிருந்து வந்தவை. இரவு பகல் பாராமல், பட்டினியாகக் கடலைத் தாண்டி வந்திருந்தன. உடம்பிலிருந்த கொழுப்பெல்லாம் வழியிலேயே கரைந்துபோக, கடைசித் தெம்பில் இங்கே வந்து இறங்கியிருந்தன. இனி வயிறாரத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டால்தான் பிழைக்கும். அக்கம்பக்கத்துச் சேற்று நிலமெல்லாம் ஏற்கெனவே மனைகளாகிவிட்டன. இதெல்லாம் மைக் செட்காரருக்குத் தெரியாது. விசாரிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நாளாக ஆகப் பறவைகள் எழும்புவது குறைந்தது. சைரன் அலறினால் நாலடி நடந்து உட்கார்ந்துகொண்டன.

'சத்தம் பழகிப்போச்சு, திமிரப் பாரு' என்று நினைத்துக்கொண்டார். இத்தனை வருடத் தொழிலில் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இன்னொரு குழாயை மாட்டி, ஒலியை முழுசாகக் கூட்டி வைத்தார்.

அன்று மனைவிக்கு விடுப்பு. மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவளே வந்துவிட்டாள். காதைப் பொத்திக்கொண்டு சேற்றைப் பார்த்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். ஒரு பறவையின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். அது ஓடவில்லை. இரண்டு கையாலும் எடுத்து, அதன் மார்பைத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, முதல்ல அதை நிறுத்துங்க!"

நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "சத்தம் பழகிடுச்சும்மா. நகர மாட்டேங்குது."

"பழகலைங்க. எந்திரிக்கத் தெம்பில்ல. தொட்டுப் பாருங்க, எலும்பத் தவிர ஒண்ணுமில்ல. இதைத் திங்க விட்டீங்களா? கண்ண மூட விட்டீங்களா?" பறவையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எனக்காகக் கரண்டியக்கூட மெதுவா வெக்கிற மனுஷனா இதைச் செஞ்சீங்க?"

அவள் கையிலிருந்த பறவை கண்ணை மூடியது. திறக்கும் என்று இருவரும் காத்திருந்தார்கள். திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஸ்பீக்கரைத் தொடவில்லை. பொழுது சாயும்வரை முழங்கால் சேற்றில் நடந்து, "எந்திரி சாமி, தின்னு சாமி, இனிமே யாரும் விரட்ட மாட்டாங்க" என்று ஒவ்வொன்றிடமும் கெஞ்சினார். ஒன்றிரண்டு அலகைச் சேற்றில் வைத்துப் பார்த்தன. விழுங்கத்தான் முடியவில்லை. அலை திரும்பி ஏறியபோது, எழும்ப முடியாமல் கிடந்தவற்றைத் தண்ணீர் புரட்டியது. கைக்கு எட்டியதையெல்லாம் பொறுக்கித் துண்டில் போட்டுக்கொண்டு, கரையில் உட்கார்ந்து குழந்தைபோல வாய்விட்டு அழுதார்.

மறுநாள் அதிகாரி சொன்னபடி வந்தார். சூப்பர்வைசர் முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்களே பாருங்க மேடம், வெறும் சேறு" என்றார்.

அந்த அம்மா தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "ஆமா, ஒரு பறவையையும் காணோமே" என்று பேனாவைத் திறந்தார்.

மைக் செட்காரர் முன்னால் வந்தார். சூப்பர்வைசர் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. துண்டை அதிகாரியின் காலடியில் வைத்துப் பிரித்தார்.

"இருந்துச்சும்மா. அப்புறந்தான் விசாரிச்சேன், கடலையே தாண்டி வந்ததாம். கரையில உக்கார விடாம நான்தான் கொன்னுட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா வெறும் சேறுன்னு மட்டும் எழுதிடாதீங்க. இந்தச் சேத்த நாம மூடிட்டா அதுங்க வேற ஊருக்குப் போகாதும்மா, இப்படித்தான் சாகும்."