எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை

சுகன்யா மேரி டீச்சர் நேராகப் போன் செய்கிறவர் இல்லை. எதுவானாலும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார், அதுவும் மூச்சு விடாமல். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பெயரோடு மணி அடித்தபோதே ஏதோ சரியில்லை என்று பானுப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது. பெரம்பலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறையைத்தான் அவள் ஆபீஸ் என்று சொல்லிக்கொள்கிறாள். மேசை நிறைய விரிசல் விட்ட பழைய போன்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் ரிப்பேர் கடை என்று நினைத்து மாடியேறி வந்து சார்ஜ் ஏறாத போனை நீட்டுவதுண்டு. முதலில் கோபம் வந்தது. இப்போதெல்லாம் பார்த்துக் கொடுத்துவிடுகிறாள்.

"பானு, மஞ்சு ரெண்டு நாளா ஸ்கூலுக்கு வரல. நேத்து வூட்டுக்கே போய்ப் பாத்துட்டு வந்தேன். ஞாயித்துக்கெழம திருப்பூருக்கு அனுப்புறாங்களாம். அத்தை வூட்ல கைக்கொழந்தை இருக்காம், அதைப் பாத்துக்க."

"என்னாச்சு டீச்சர்? நல்லாத்தானே வந்துட்டிருந்தா."

"நல்லாத்தான் வந்துட்டிருந்தா. உங்க ரிப்போர்ட் போய்ச் சேந்துச்சு, அதோட நிறுத்திட்டாங்க. பட்டனை அமுக்கினது நான்தான், இல்லங்கல. ஆனா எழுதினது நீங்க."

மஞ்சு ஏழாம் வகுப்பு. வாய்க் கணக்கில் புலி, வகுப்பில் யார் என்ன பேசினாலும் அப்படியே திருப்பிச் சொல்வாள், புத்தகத்தை விரித்தால் மட்டும் ஊமை. எழுத்துகள் தெரியும், அவை சொல்லாகச் சேராது. டிஸ்லெக்ஸியா என்ற பெயர் அந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே அவளுக்கு மக்கு என்ற பெயர் வந்துவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்காகத்தான் பானுப்ரியா ஒரு மென்பொருளைச் செய்தாள். சென்னையில் நான்கு வருடம் வங்கிகளுக்கு எழுதிக் கொடுத்து அலுத்துப்போய் ஊருக்கு வந்தவள் அவள். சந்தையில் இருந்தவை எல்லாம் புது டேப்லெட் கேட்டன, இன்டர்நெட் கேட்டன. இவளுடையது டீச்சரிடம் இருக்கும் பழைய போனில் நெட் இல்லாமலே ஓடும். எழுத்துகளை அகலமாக இடைவெளி விட்டுக் காட்டும், பிள்ளை படிப்பதைப் பதிந்துகொள்ளும். எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று டீச்சர் தொட்டால், அதற்கேற்ற அடுத்த வாக்கியத்தை எடுத்துக் கொடுக்கும். மாதம் முடிந்ததும் டீச்சர் ஒரு பட்டனை அமுக்கினால் பெற்றோர் போனுக்கு மெசேஜாக ஓர் அறிக்கை போகும். அந்த அறிக்கைமேல் அவளுக்குத் தனிப் பாசம். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாள். பிள்ளைகளுக்கும் மரியாதை வேண்டும் என்று 'உள்ளாள்' என்பதை அடித்து 'உள்ளார்' என்று மாற்றினாள். 'தங்கள் குழந்தை மஞ்சு இம்மாதமும் இரண்டாம் நிலையில் உள்ளார். எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை.' அத்தனை மரியாதையாகத்தான் அது போயிருந்தது.

அடுத்த பஸ்ஸில் அரியலூருக்குக் கிளம்பினாள். பள்ளி ஊருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் இருந்தது. வேப்பமரத்து இலைகூட வெள்ளைப் பொடி பூத்து நின்றது. சாப்பாட்டு மணி அடித்திருந்ததால் வகுப்பு காலி. டீச்சர் டிபன் பாக்ஸைத் திறக்காமல் காத்திருந்தார். மஞ்சுவின் அம்மாவிடம் பேசிப் பயனில்லை, அவர் எல்லாவற்றுக்கும் "அவரக் கேளுங்க டீச்சர்" என்றே சொல்லியிருக்கிறார். அவர் என்பது மஞ்சுவின் அப்பா ராசாங்கம், சுரங்கத்திலிருந்து கல் ஏற்றிப் போகும் லாரி டிரைவர். மத்தியானம் லாரிகளை எடை போடும் மேடை வரிசையில் நிற்பேன், வந்தால் பேசலாம் என்று போனில் சொன்னாராம்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. ஜூன் மாசம் அவ மொதமொதப் படிச்சத ஒரு தடவை போடுவோம். போன வாரம் படிச்சத ஒரு தடவை போடுவோம். காதால கேட்டா அவருக்கே தெரிஞ்சுரும்," என்று டீச்சர் போனை எடுத்தார்.

பானுப்ரியா தரையைப் பார்த்தாள். "பழசு இருக்காது டீச்சர். ஒரு மாசம் ஆனா தானா அழிஞ்சிரும்."

"அழிஞ்சிருமா? யாரு அழிக்கச் சொன்னது?"

"நான்தான். பழைய போன்ல இடம் பத்தாதுன்னு அப்படி வெச்சேன்."

டீச்சர் போனை மேசைமேல் திருப்பி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று பானுப்ரியாவுக்கு இருந்தது. குறைந்த விலைப் போனிலும் ஓடுகிறதே என்று பார்த்தவர்கள் எல்லாம் மெச்சியது இந்த ஏற்பாட்டைத்தான். ஜூன் மாதத்து மஞ்சு எப்படிப் படித்தாள் என்பதற்கு இப்போது டீச்சரின் ஞாபகம் தவிர வேறு சாட்சி இல்லை. மிச்சமிருந்த ஒரு மாதப் பதிவுகளில் தெளிவாகக் கேட்டது போன வாரத்து ஒன்றுதான். அதிலும் பிள்ளை திக்கித் திணறித்தான் படித்திருந்தாள். அதைக் கேட்டால் அறிக்கை சரி என்றல்லவா அந்த மனிதர் நினைப்பார்? டீச்சரின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, இந்தப் பதிவைப் போடவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே போனாள்.

வரிசை நீளமாக இருந்தது. ராசாங்கம் தன் லாரியின் நிழலில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், இமையிலெல்லாம் பொடி.

"வாங்க டீச்சர். இந்த வெயில்ல எதுக்கு வந்தீங்க?"

டீச்சர் பானுப்ரியாவை அறிமுகம் செய்தார். அந்த மெசேஜ் இவர் எழுதியதுதான் என்றும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ராசாங்கம் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகவே பேசினார்.

"எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராதுங்க. வந்த மெசேஜை டீக்கடைல பிரசாத்துகிட்ட நீட்டுனேன். கூட ஓட்டுற பையன். அவன் ரேடியோ மாதிரி சத்தமாப் படிச்சுட்டான், முன்னேற்றம் இல்லைன்னு. கடையே திரும்பிப் பாத்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "என்னையும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் எழுப்பி நிக்க வெப்பாங்க. அவளும் எதுக்குங்க அந்த அசிங்கத்தப் படணும்? தங்கச்சி வூட்ல யாரும் அவளப் படிச்சுக் காட்டுன்னு கேக்கமாட்டாங்க."

அந்த அறிக்கையை அனுப்பும் முன் பானுப்ரியா பத்துப் பேரிடம் கொடுத்துப் புரிகிறதா என்று சரிபார்த்திருந்தாள். பத்துப் பேரும் படித்தவர்கள். வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்குத் திணறுகிற அப்பனோ அம்மாவோ இருக்கலாம் என்று எத்தனையோ கட்டுரைகளில் படித்தவள்தான் அவள். இருந்தும் எழுத்தில்தான் அனுப்பினாள். இவர் பெண்ணை விரட்டவில்லை, ஒளித்துவைக்கப் பார்க்கிறார் என்பது இப்போதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் டீச்சர் பதிவை ஓட விட்டுவிட்டார்.

வகுப்பின் இரைச்சலுக்கு நடுவே மஞ்சுவின் குரல் வந்தது. "மழை... நின்...றதும்... வரப்பில்... நண்...டுகள்..." பிறகு வெறும் இரைச்சல். "வேலி..." என்றாள். "வெ..." என்று டீச்சரின் குரல் உதவிக்கு வந்தது. "இருங்க டீச்சர். சொல்லாதீங்க." மறுபடி ஒரு நீண்ட அமைதி. எங்கோ ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. "வெ... ளி... யே. வெளியே. வெளியே வந்தன."

அந்த அமைதி ஓடிய நேரம் முழுக்க பானுப்ரியா ராசாங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"டீச்சரையே சொல்லாதீங்கங்குறா," என்றார் அவர்.

"அப்படித்தாங்க, இப்பல்லாம் ஒதவிக்குப் போனா கோவம் வருது அவளுக்கு," என்றார் டீச்சர்.

"நானெல்லாம் தெரியாத எடம் வந்தா வாய்க்கு வந்ததச் சொல்லிட்டு ஒக்காந்துருவேன். அடி விழுந்தா விழட்டும்னு. இவ விட்ட எடத்துக்கே திரும்பப் போறாளே." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னொருக்காப் போடுங்க."

இன்னொரு முறை போட்டார்கள். கேட்டு முடித்ததும் தன் போனை எடுத்தார். "இத எனக்கு அனுப்புங்க. எழுத்து எதுவும் வேணாம், இது மட்டும் போதும்."

அனுப்ப வழி இல்லை. பதிவை மட்டும் தனியே வெளியே அனுப்பும் பட்டனை பானுப்ரியா வைக்கவே இல்லை, யாருக்குத் தேவைப்படும் என்று விட்டிருந்தாள். கடைசியில் டீச்சர் தன் போனில் ஓடவிட, அதன் பக்கத்தில் பானுப்ரியா தன் போனைப் பிடித்து வாட்ஸ்அப்பில் பதிந்து அவருக்கு அனுப்பினாள். லாரி இரைச்சலும் சேர்ந்து பதிவானது. முடியும்வரை மூவரும் வாய் திறக்காமல் நின்றார்கள்.

"அப்ப ஞாயித்துக்கெழம?" என்று டீச்சர் கேட்டார்.

"தங்கச்சிகிட்டச் சொல்லிட்டேன் டீச்சர். அது எதிர்பாத்துட்டிருக்கும்." கும்பிட்டுவிட்டுக் கேபினில் ஏறிக்கொண்டார்.

முன்னால் நின்ற லாரி எடை மேடைமேல் ஏறியது. ராசாங்கத்தின் வண்டிக்கு முன்னே இடம் காலியானது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். வண்டி நகரவில்லை. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டிருந்த டீச்சர் நின்றார். மேலே கேபினில் மழை நின்றது, வரப்பில் நண்டுகள் வந்தன, வேலி என்று தவறாக ஒரு சொல் விழுந்தது. பின்னால் இன்னும் நீளமாக ஹாரன் ஒலித்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு, இருய்யா என்று பின்னால் இருப்பவனுக்கு விரல்களை விரித்துக் காட்டியது. உள்ளே மஞ்சு இன்னும் அந்தச் சொல்லுக்கு வரவில்லை. டம்ளர் விழுந்து உருண்டது. கை அப்படியே நீண்டிருந்தது.