ஆறுகிற வரைக்கும்

"வாப்பா, வா வா! என்ன, காத்து இந்தப் பக்கம் அடிக்குது?"

அம்மாவின் குரலில் சர்க்கரை வழிந்தது. அதைக் கேட்டதுமே, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நாற்காலிக் கால் ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்த அவளுக்கு வந்திருப்பது யார் என்று தெரிந்துவிட்டது. அம்மாவின் அண்ணன் மகன். அவளுக்கு அத்தான். ஒரு காலத்தில் அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தவன்.

சாக்கில் சுற்றிய எதையோ தூக்கிக்கொண்டு நேராக ஷெட்டுக்குள் வந்தான். மேஜைமேல் வைத்துப் பிரித்தான். துளை போடும் மெஷினின் கைச்சக்கரம். மூன்று ஆரக்கால்களில் ஒன்று நடுவில் உடைந்திருந்தது.

"இதை ஒட்டிக் குடு."

"உங்ககிட்டதான் கேஸ் வெல்டிங் கடையே இருக்கே."

"கடை மாமனாரோடது. அங்க வச்சு ஒட்டினா பசங்க போட்டுக் குடுத்துடுவானுங்க. இது அவரோட முதல் மெஷின். யாரும் தொடக்கூடாதுன்னு சட்டம். துடைச்சு வச்சு நல்ல பேர் வாங்கலாம்னு கழட்டினேன், கை நழுவிடுச்சு. வெளியூர் போனவரு இன்னிக்கு சாயங்காலம் வந்துடுவாரு. கடையை என் பொறுப்புல விடலாமான்னு யோசிச்சிட்டிருக்கற மனுஷன். இந்த நேரம் பார்த்து..."

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். அவள் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மனசு துள்ளியது. முகத்தில் காட்டவில்லை.

அப்பா படுத்த படுக்கையானபோது அவள் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா எழுந்திரிக்கட்டும். அதுவரைக்கும் பொறுங்க." அவன் தலையை ஆட்டினான். அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் போவதற்குள்ளேயே அவன் கேஸ் கடைக்காரரின் மருமகனாகியிருந்தான். அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். ஆனால் மூலை டீக்கடையில் கூட்டாளிகள் அவளைப் பற்றிக் கேட்டபோது, "ஆறிப்போன டீயை எவன்டா குடிப்பான்?" என்று சொல்லிச் சிரித்தானே, அதை விழுங்க முடியவில்லை. கடை மொத்தமும் சிரித்ததாம். அந்தச் சிரிப்பு, கடைக்காரர் கிளாஸ்களைக் கழுவி முடிப்பதற்குள் அவள் வீடு வந்து சேர்ந்துவிட்டது.

"இன்னும் இந்தக் கரிக்குச்சிதானா?" என்றான், சுவரில் தொங்கிய கார்பன் டார்ச்சைப் பார்த்து. அந்த அவசரத்திலும் நக்கலுக்குக் குறைச்சலில்லை.

"வீட்டுக்குள்ள சிலிண்டர் வந்தா நான் வெளியே போயிடுவேன்னு அம்மா சொல்லிட்டாங்க. எனக்கு அம்மா வேணும்."

அதனால்தான் அந்த டார்ச். அப்பாவின் பழைய வெல்டிங் மெஷினில் மாட்டிக்கொள்ளலாம். செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகள், நுனிகள் கிட்டத்தட்ட முத்தமிடுகிற மாதிரி சாய்ந்திருக்கும். கைப்பிடியில் இருக்கும் சின்னத் தள்ளியைக் கட்டைவிரலால் நகர்த்தினால் நுனிகள் தொட்டு விலகும். நடுவில் விசிறிபோல் ஒரு ஜ்வாலை விரியும். வெல்டிங் பொறியைவிடச் சாது. ஆனால் வெறும் கண்ணால் பார்த்தவனை ராத்திரியெல்லாம் அழவைக்கும்.

அவனிடம் ஒரு முகமூடியை நீட்டினாள். "போட்டுக்கோங்க. கண்ணு போனா கடையை எப்படிப் பாத்துப்பீங்க?"

உடைந்த இடத்தை அரத்தால் ராவி வாய்க்கால் மாதிரி ஆக்கினாள். சுற்றிலும் செங்கல் அடுக்கினாள். கரண்ட்டைக் குறைவாக வைத்து டார்ச்சைப் பற்றவைத்தாள். உடைந்த ஆரத்தை மட்டும் அல்ல, சக்கரம் முழுவதையும் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினாள். வார்ப்பிரும்பு ரோஷக்காரச் சாதி. ஓரிடம் சுட்டு ஓரிடம் குளிர்ந்தால் பொறுக்காது.

இரும்பு மங்கலாகச் சிவந்ததும் பித்தளை பிடிப்பதற்காக வெங்காரத் தூளைத் தூவி, பித்தளைக் கம்பியை வைத்தாள். கம்பிக்கு ஜ்வாலையைக் காட்டவில்லை. இரும்பின் சூட்டிலேயே அது இளகி வாய்க்காலுக்குள் தங்கமாக ஓடியது.

டார்ச்சை இன்னும் கொஞ்சம் அங்கேயே பிடித்தால் போதும். பித்தளையிலிருக்கும் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய் ஒட்டு சல்லடையாகிவிடும். மேலே மினுக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அவள் கட்டைவிரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு தள்ளியை இழுத்துக் குச்சிகளைப் பிரித்தாள். தன் கையால் கெட்ட வேலை செய்வானேன்? கெடுவது அவன் கையாலேயே கெடட்டும்.

சக்கரத்தை இடுக்கியால் எடுத்து, சாம்பல் நிறைந்த டின்னுக்குள் புதைத்து மூடினாள்.

"ஆறணும். காலைல வரைக்கும் உள்ளேயே கிடக்கணும். கை வைக்காதீங்க."

"சாயங்காலம் வர்றாருன்னு சொல்றேன், காதுல விழலையா?"

"ஆறணும்."

ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஒரே ஒரு 'ஏன்'. அவன் வாட்சைப் பார்த்தான்.

வார்ப்பிரும்பு வேலை என்றால் அவள் முதலில் செய்வது தண்ணீர் வாளியைத் தூக்கி வெளியே வைப்பதுதான். அப்பா காலத்துப் பழக்கம். இன்று வாளி மேஜையின் காலடியிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் நிரம்பி நின்றது. இடுக்கியை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். மறதி என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"உக்காருங்க அத்தான். டீ கொண்டு வர்றேன்."

அடுக்களையில் அம்மா டீயை ஊற்றித் தயாராக வைத்திருந்தாள். அவள் கிளாஸை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டீயின்மேல் மெல்ல ஆடை படர்ந்தது.

"கொண்டு போகலையா?"

"ஆறட்டும்மா."

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மும்முரமாக வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

ஷெட்டில் டின் மூடி நகர்ந்தது. இடுக்கி சத்தம். 'சொய்ங்' என்று தண்ணீர் சீறியது. அப்புறம் கண்ணாடி வளையல் உடைந்தாற்போல் 'டிங்'. கூடவே இன்னொரு 'டிங்'.

அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவசரப்படவில்லை.

அவன் இடுக்கியில் சக்கரத்தைத் தூக்கியபடி நின்றிருந்தான். முகம் சாம்பலைவிட வெளுத்திருந்தது. அவள் ஒட்டிய ஆரம் பொன்னாக மின்னியது. மற்ற இரண்டும் பிளந்திருந்தன.

"ஒட்டு நல்லாத்தான் நிக்குது," என்றாள் குனிந்து பார்த்து.

"நீ சொல்லவே இல்லையே! தண்ணி பட்டா உடையும்னு சொல்லவே இல்லையே!"

"ஆறணும்னு சொன்னேன். ஏன்னு நீங்க கேக்கலை. அப்பா படுத்திருந்தப்போ பொறுங்கன்னேன், அப்பவும் கேக்கலை."

"சரி, என் தப்புதான். திரும்ப ஒட்டிடு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"ஒட்டலாம். ஆனா நாளைக்குத்தான் எடுக்கணும். உங்களுக்குத்தான் பொறுக்காதே."

அவன் சட்டைப் பையில் போன் அலறியது. காதில் வைக்குமுன்பே மாமனாரின் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது.

"மாப்பிள்ளை, எங்க இருக்கீங்க? நான் சீக்கிரமே வந்துட்டேன். என் மெஷின் சக்கரத்தைக் காணோமே?"

"தோ... வந்துட்டேன் மாமா..."

அவள் கிளாஸை நீட்டினாள்.

"டீ. ஆறிப்போச்சு. குடிப்பீங்களா?"

அவன் நிமிர்ந்தான். டீக்கடையில் உதிர்த்த வார்த்தை அவன் முகத்துக்கே திரும்பி வந்து சேர்வதை அவள் நிதானமாகப் பார்த்தாள். இதற்காகத்தானே இத்தனை நாள்! மறுக்கலாம் என்று அவன் வாயைத் திறந்தபோது, வாசலில் அம்மா.

"குடிச்சிடுப்பா. அத்தை போட்டது."

ஒரே மூச்சில் குடித்தான். ஆடை உதட்டில் ஒட்டியது. கிளாஸை வைத்துவிட்டு, உடைந்த சக்கரத்தைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனான்.

அம்மா கிளாஸின் அடியை எட்டிப் பார்த்தாள்.

"நான் சர்க்கரை போடலை. நீ போட்டியா?"

"இல்லையே!"

"நல்லது." அம்மா கிளாஸைக் கவிழ்த்தாள். "டீக்கடைக்காரன் எனக்கும் தெரிஞ்சவன்தான்டி."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள்.

"அந்த வாளியை எடுத்து வெளியே வை. நாளைக்கு நிஜமாவே மறந்துடப் போறே."